லாரியின் குளிர் அறையில் மக்கல் வாடை ஏன்?

மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்திய பனியனை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? சோப்புப் போட்டுத் துவைத்த துணிதான். ஆனால் அதிலிருந்து ஒரு மக்கல் வாடை வரும். ஏ.சி. பொருத்திய பழைய வண்டியில் ஏறி, ஏ.சி.யைப் போட்ட அந்த நொடியில் முகத்தில் மோதும் காற்றிலும் ஏறக்குறைய அதே வாடை அடிப்பதுண்டு. பனியனுக்கும் வண்டிக்கும் என்ன தொடர்பு? இரண்டு வாடைகளுக்கும் காரணம் ஒரே இனத்தைச் சேர்ந்ததுதான். அது எது, எங்கிருந்து வருகிறது, அதை எப்படி விரட்டுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இதைத் திருப்பூர் வட்டாரத்து மாணவர்கள் அறிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பனியன் கம்பெனிகளில் தைத்துப் பெட்டியில் அடைத்த ஆடைகள் இரவோடு இரவாக லாரிகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்கின்றன. நூற்பாலையிலிருந்து நூல் வருவதும், பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்புவதும் வண்டிகளில்தான். முன்பு இவ்வண்டிகளின் ஓட்டுநர்கள் என்ஜின் சூட்டிலும் வெயிலிலும் வெந்தார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல மாற்றம்! ஆனால் ஓட்டுநர் அந்தச் சிறு அறையிலேயே ஓட்டுகிறார், உண்கிறார், உறங்குகிறார். அங்கே வரும் காற்று தூய்மையாக இல்லாவிட்டால், கிடைத்த வசதியே தொல்லையாகிவிடும்.

குளிர்ச்சி பிறக்கும் இடம்

உள்ளங்கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவினால் சில்லென்று இருக்கிறது. ஸ்பிரிட் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஏ.சி.யும் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது. எளிதில் ஆவியாகும் குளிர்பதனப் பொருள் ஒன்றை, கம்ப்ரசர் என்னும் அமுக்கி அழுத்தி அனுப்புகிறது. வண்டியின் முகப்பிலுள்ள சுருளில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய துளை வழியே புகுந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மற்றொரு சுருளில் ஆவியாகிறது. இந்த இரண்டாவது சுருளுக்கு ஆவியாக்கி என்று பெயர். இதன்மேல் மின்விசிறி காற்றை ஊதுகிறது. அந்தக் காற்றே குளிர்ந்து உங்கள் முகத்தில் படுகிறது.

ஆவியாக்கியின் குழாய்களைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் புத்தகத்தின் தாள்களைப் போல் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். காற்று அதிகப் பரப்பைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் அந்த நெருக்கமான, இருண்ட, ஈரமான இடுக்குகள் வேறு சிலருக்கும் மிகவும் பிடித்துப் போகின்றன. அவர்களைப் பற்றிப் பின்னர் பார்ப்போம். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்போம்.

காற்றிலிருந்து பிழிந்த நீர்

ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டம்ளருக்குள் இருக்கும் நீர் கசிந்து வெளியே வருவதில்லை. சுற்றியுள்ள காற்றில் கலந்திருக்கும் நீராவிதான் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிகிறது. எந்த வெப்பநிலையில் இப்படி நீர் படியத் தொடங்குகிறதோ, அதற்குப் பனிநிலை என்று பெயர்.

காற்று சூடாக இருந்தால் அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்தால் தாங்கும் அளவு குறையும். ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய அதிக அளவு நீராவி, தோராயமாக வருமாறு:

10 டிகிரி செல்சியஸில் 9.4 கிராம்
20 டிகிரி செல்சியஸில் 17.3 கிராம்
30 டிகிரி செல்சியஸில் 30.4 கிராம்
36 டிகிரி செல்சியஸில் 41.7 கிராம்

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தூத்துக்குடிக் கடற்கரையில் ஓர் இரவு. வெப்பநிலை 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள நீராவி 30.4-இல் 70 விழுக்காடு, அதாவது சுமார் 21.3 கிராம். இதன் பனிநிலை ஏறத்தாழ 24 டிகிரி. ஆவியாக்கியைத் தாண்டி வரும் காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது 9.4 கிராமை மட்டுமே தாங்கும். மீதி சுமார் 12 கிராம் தகடுகளின்மேல் நீராகப் படிந்தாக வேண்டும். மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வருகிறது எனில், மணிக்கு 1,200 கிராம். அதாவது ஒரு லிட்டருக்கும் மேல்!

இனி, திருப்பூரில் கோடைக்காலப் பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 36 டிகிரி. ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடு. காற்றில் உள்ள நீராவி சுமார் 12.5 கிராம், படியும் நீர் 3.1 கிராம் மட்டுமே. பார்த்தீர்களா? வெயில் கடுமையாக இருந்தும் படியும் நீர் கடற்கரை இரவில் உள்ளதில் நான்கில் ஒரு பங்குதான். எனவே திருப்பூரிலிருந்து புறப்படும்போது வாடையே இல்லாத வண்டி, துறைமுகம் போய்த் திரும்பிய பின் வாடை வீசுவதில் வியப்பில்லை.

இந்த நீர், ஆவியாக்கியின் அடியிலுள்ள தட்டில் விழுந்து, ஒரு சிறு வடிகுழாய் வழியே சாலையில் சொட்டுகிறது. ஏ.சி. போட்டு நிறுத்திய வண்டியின் அடியில் தெரியும் தண்ணீர்த் தேக்கம் அதுதான். அது பழுதல்ல, நலமாக இருப்பதன் அடையாளம். சொட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பஞ்சாலை தந்த பெயர்

காற்றின் ஈரத்துக்கும் துணித் தொழிலுக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் மாறி அச்சாயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த சுருள்மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரிக்கும் அமைப்பை வகுத்தார். ஆக, நவீன ஏ.சி.யின் முதல் வேலை மனிதரைக் குளிர்விப்பதாக இருக்கவில்லை. காற்றை உலர்த்துவதாகவே இருந்தது.

"ஏர் கண்டிஷனிங்" என்ற பெயரைச் சூட்டியவரோ பஞ்சாலைப் பொறியாளர்! வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிரேமர் 1906-இல் இச்சொல்லைப் பயன்படுத்தினார். ஆனால் அவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான வேலை. நூற்பாலையில் காற்று உலர்ந்தால் நூல் அறுந்து போகும். ஆகவே காற்றில் ஈரத்தைச் சேர்க்க வேண்டும். கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளில் இன்றும் காற்றை ஈரப்படுத்தும் கருவிகள் இயங்குவது இதற்காகவே. பருத்தி இயல்பாகவே நீரை விரும்பும் பொருள். முற்றிலும் உலர்த்திய 100 கிராம் பருத்தி இழைக்கு 8.5 கிராம் ஈரம் உண்டு என்று கணக்கிட்டுத்தான் வணிகத்தில் எடை போடுகிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் பயன்படும்.

இடுக்கில் குடியேறியவர்கள்

காற்றில் எப்போதும் பூஞ்சை வித்துகளும் பாக்டீரியாக்களும் மிதக்கின்றன. அவை ஆவியாக்கியின் ஈரத் தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. நீர் கிடைத்துவிட்டது, உணவு வேண்டாமா? தூசி, மகரந்தம், தோலிலிருந்து உதிரும் செதில்கள் ஆகியவை அந்தக் குறையைத் தீர்க்கின்றன. திருப்பூரில் இன்னொன்றும் சேர்கிறது. நிட்டிங் எந்திரங்களின் மேலும் தையல் கூடங்களின் மூலைகளிலும் வெண்பனிபோல் படியும் பஞ்சுத் தூசியைப் பார்த்திருப்பீர்கள். பனியன் துணியும் கட்டிங் வேஸ்ட்டும் ஏற்றி இறக்கும் வண்டிக்குள் இந்தப் பஞ்சு எளிதில் புகுகிறது. ஈரத் தகட்டில் ஒட்டிய பஞ்சு இழை, நீரைப் பிடித்து வைக்கும் கடற்பஞ்சாகிவிடுகிறது. வடிகுழாயின் வாயை அடைப்பதிலும் அது கைதேர்ந்தது.

பஞ்சு என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். அதை நம்மால் செரிக்க முடியாது. பல பூஞ்சைகளால் முடியும். இதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மக்கிக் கிழிந்தன. அப்படி மக்கிய கூடாரம் ஒன்றிலிருந்து 1944-இல் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தனர். அதன் பெயர் டிரைக்கோடெர்மா ரீசி. அது சுரக்கும் செல்லுலேஸ் என்னும் நொதி செல்லுலோஸை அறுத்துச் சர்க்கரையாக்குகிறது. அன்று பகைவனாகத் தோன்றிய இப்பூஞ்சை இன்று தொழிலாளியாகிவிட்டது! பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு இழைகளை நீக்கி வழவழப்பாக்கும் "பயோ வாஷ்" முறையில் செல்லுலேஸ் நொதியையே பயன்படுத்துகிறார்கள். திருப்பூர்த் தொழிலுக்குப் பூஞ்சை உதவியும் செய்கிறது, உபத்திரவமும் செய்கிறது.

பாக்டீரியாக்களோ வேறொரு தந்திரம் செய்கின்றன. அவை கூட்டமாகச் சேர்ந்து பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் வாழ்கின்றன. உயிர்ப்படலம் எனப்படும் இது, ஊறவைத்த பாத்திரத்தில் கையால் தடவினால் வழுக்குமே, அதைப் போன்றது. வாடை வீசிய கார்களின் ஆவியாக்கிகளை ஆராய்ந்தவர்கள், மெதிலோபாக்டீரியம் என்ற வகை இப்படிப் படலம் கட்டி வாழ்வதைக் கண்டிருக்கிறார்கள். வெறும் நீரை ஊற்றினால் இப்படலம் போகாது.

மூக்கு சொல்லும் செய்தி

நுண்ணுயிர்கள் உண்டு வளரும்போது எளிதில் ஆவியாகும் பல சேர்மங்களை வெளியிடுகின்றன. இவையே வாடையாக நம் மூக்கை எட்டுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் ஜியோஸ்மின். 1965-இல் அமெரிக்க அறிஞர்கள் கெர்பரும் லெச்செவாலியரும் இதைப் பிரித்தறிந்து பெயரிட்டார்கள். முதல் மழையின் மண்வாசனையில் இதற்குப் பங்கு உண்டு. லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுகொள்ளும்! வயலில் இனிக்கும் அதே வாசனை, மூடிய அறையில் மக்கல் வாடையாகத் தோன்றுகிறது.

வீட்டுக்குள் உலர்த்திய பனியனின் கதைக்கும் விடை கிடைத்துவிட்டது. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா துணியில் தங்கி, 4-மெதில்-3-ஹெக்சீனாயிக் அமிலம் என்ற சேர்மத்தை உண்டாக்குவதைக் காட்டினார்கள். துணி மெதுவாக உலரும்போது அதற்கு வளர நேரம் கிடைக்கிறது. விரைவாக உலர்ந்தால் கிடைப்பதில்லை. வண்டிக்கும் இதே நீதிதான்: ஈரமே குற்றவாளி, உலர்த்துவதே மருந்து.

ஏ.சி. போட்டவுடன் வாடை பலமாகவும், சில நிமிடங்களில் குறைந்தும் போவது ஏன்? இரண்டு காரணங்கள் கூறலாம். ஒன்று, உலர்ந்த தகட்டில் ஒட்டியிருந்த வாசனை மூலக்கூறுகளைப் புதிதாகப் படியும் நீர் இடம்பெயர்த்துக் காற்றில் தள்ளிவிடுகிறது. மற்றொன்று, தொடர்ந்து முகரும் வாடைக்கு நம் மூக்கு பழகிவிடுகிறது. ஆகவே "வாடை போய்விட்டது" என்று எண்ணுவது பல சமயம் மூக்கின் மயக்கமே.

உடலுக்குக் கேடு உண்டா?

வாடை மட்டும் நோயைத் தருவதில்லை. ஆனால் வாடை வரும் இடத்தில் பூஞ்சை வித்துகளும் இருக்கக்கூடும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் எரிச்சல் உண்டாகலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் மிகலாம். பகலெல்லாம் பஞ்சுத் தூசியில் உழைப்பவர் வண்டியிலும் கெட்ட காற்றைச் சுவாசித்தால், நுரையீரலுக்கு ஓய்வு ஏது?

1976-இல் பிலடெல்பியா நகரில் ஒரு ஓட்டலில் நடந்த மாநாட்டை ஒட்டிப் பரவிய நிமோனியாவில் 34 பேர் இறந்தனர். மறு ஆண்டு அதன் காரணமான லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. பெரிய கட்டடங்களின் ஏ.சி.யில் நீரைத் தெளித்துக் குளிர்விக்கும் கோபுரங்கள் இப்பாக்டீரியா பெருகும் இடங்களாகின்றன என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. வண்டி ஏ.சி.யில் அத்தகைய கோபுரம் இல்லை. ஆகவே இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தேங்கிய நீரும் காற்றும் சேரும் இடத்தைத் தூய்மையாக வைக்க வேண்டும் என்ற பாடம் எல்லா ஏ.சி.க்கும் பொருந்தும்.

நோயறிந்து மருந்து

வைத்தியர் முதலில் நாடி பார்ப்பார், பிறகே மருந்து. நாமும் அவ்வாறே செய்வோம்.

1. வாடையின் வகையை அறியுங்கள். ஈரத் துணி, ஊறிய காலுறை போன்ற வாடை என்றால் ஆவியாக்கியை ஐயுறலாம். இனிப்பான வாடை வந்து கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல் படிந்தால் என்ஜின் குளிர்நீர் கசிகிறது. எரிந்த வாடை, டீசல் வாடை எனில் உடனே வண்டியை நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

2. வடிகுழாயைப் பாருங்கள். ஈரமான நாளில் கால் மணி நேரம் ஏ.சி. ஓடியும் அடியில் நீர் சொட்டவில்லையா? கால் வைக்கும் இடத்து மிதியடி நனைந்திருக்கிறதா? குழாய் அடைத்திருக்கிறது. மெக்கானிக் அதை அடியிலிருந்து ஊதியோ மெல்லிய கம்பியால் மெதுவாகக் குடைந்தோ திறந்துவிடுவார்.

3. காற்று வடிகட்டியை மாற்றுங்கள். பல வண்டிகளில் டாஷ்போர்டின் பின்புறம் மடிப்பு மடிப்பான தாள் போன்ற வடிகட்டி உண்டு. பஞ்சுத் தூசி மிகுந்த நம் ஊரில், கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே அதைத் திறந்து பார்ப்பது நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் கழுவிப் போடாமல் புதியதை வாங்கிப் போட வேண்டும்.

4. ஆவியாக்கியைத் தூய்மை செய்யுங்கள். இதற்கென்றே நுரை வடிவக் கழுவு மருந்து கிடைக்கிறது. தேர்ந்த மெக்கானிக், நீண்ட குழல் வழியே நுரையைத் தகடுகளின் இடையில் செலுத்துவார். நுரை உயிர்ப்படலத்தை இளக்கி வடிகுழாய் வழியே வெளியேறும். வடிகுழாய் திறந்திருந்தால்தான் இது பலிக்கும். அதனால்தான் அதை இரண்டாவதாகச் சொன்னோம்.

5. துணிப் பகுதிகளை உலர்த்துங்கள். மிதியடி, இருக்கை உறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை வெயிலில் காயப்போட வேண்டும்.

6. கடைசியாக, செலவில்லாத ஒரு வழக்கம். ஊர் சேர 5 நிமிடம் இருக்கும்போது ஏ.சி. பொத்தானை அணைத்துவிட்டு மின்விசிறியை மட்டும் வேகமாக ஓடவிடுங்கள். வெளிக்காற்று வரும் நிலையில் வையுங்கள். தகடுகள் பெருமளவு உலர்ந்துவிடும். பூஞ்சைக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அலுமினியத் தகட்டைக் கழுவிய அன்று வாடை போவது எளிது. மீண்டும் வராமல் தடுப்பது இந்த 5 நிமிடமே.

செய்யக் கூடாதவை

வாசனைத் திரவியம் தெளிப்பது வாடையை மறைக்குமே தவிர நீக்காது. பிளீச்சிங் கரைசல் பூஞ்சையைக் கொல்லும். கூடவே அலுமினியத்தையும் அரித்துவிடும். அதை அமிலத்துடன் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும். எனவே இவ்வேலைக்கு அது ஆகாது.

ஜன்னல்களை மூடி, உள்காற்றையே சுழலவிட்டு நெடுநேரம் ஓட்டினால், மூச்சில் வெளிவரும் கரியமில வாயு அறையில் ஏறிக்கொண்டே போகும். சோர்வும் தூக்கமும் வரும். இரவு ஓட்டத்தில் இது ஆபத்தல்லவா? அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை இது: மூக்கு எல்லா ஆபத்தையும் சொல்வதில்லை. என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆகவே ஏ.சி.க்காக என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, மூடிய வண்டிக்குள் உறங்கக் கூடாது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓட்டுநர் ஒருவர் இருந்தால், இந்த ஒரு செய்தியையாவது இன்றே அவரிடம் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

பனிநிலையை அளக்கலாம்: பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, வெப்பமானி ஒன்றை வையுங்கள். சிறு சிறு ஐஸ் துண்டாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறம் முதன்முதலாக மங்கும்போது வெப்பநிலையைக் குறியுங்கள். அதுவே அன்றைய பனிநிலை. மழை நாளிலும் வெயில் நாளிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

பூஞ்சைக்குப் பிடித்தது எது: பனியன் துணியில் ஒரே அளவான 3 துண்டுகள் எடுங்கள். ஒன்றை உலர்ந்தபடி மூடிய பாட்டிலில் இடுங்கள். இரண்டாவதை நனைத்துப் பிழிந்து வேறொரு பாட்டிலில் மூடி வையுங்கள். மூன்றாவதை நனைத்துப் பிழிந்து மின்விசிறிக் காற்றில் உலர்த்திய பின் இன்னொரு பாட்டிலில் இடுங்கள். 10 நாட்கள் கண்ணாடி வழியாகவே கவனித்துக் குறிப்பெடுங்கள். பாட்டிலைத் திறந்து முகர வேண்டாம். முடிந்ததும் திறக்காமலே அப்புறப்படுத்துங்கள்.

கணக்கு: வெப்பநிலை 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு. மணிக்கு 100 கன மீட்டர் காற்று உள்ளே வந்து 10 டிகிரிக்குக் குளிர்கிறது. 5 மணி நேரத்தில் எத்தனை லிட்டர் நீர் வடியும்? அந்த நீர் போக வழி இல்லாவிட்டால் அது எங்கே தங்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.